எண்ணெய் தடவிய ஒன்பது முட்டைகள்

கோழிக்கு வைத்தியம் தெரிந்தவள் என்று எங்கள் வரிசையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கைராசியால் வந்த பெயர் இல்லை. படிப்பால் வந்ததும் இல்லை, நான் நாலாவது வகுப்போடு நின்றவள். பயத்தால் வந்த பெயர் அது. மற்ற வீடுகளில் கோழி செத்த பிறகுதான் கவலைப்படுவார்கள். நான் கோழி ஒரு தும்மல் தும்மினாலே குழாயடிக்கு ஓடி நாலு பேரைக் கேட்பேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலையும் செய்துவிடுவேன். எதனால் பிழைத்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் பிழைத்ததைப் பார்த்தவர்கள் அடுத்த முறை தங்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றார்கள்.

நாங்கள் இருந்தது மயிலாப்பூருக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில். ஒரே கூரைக்குக் கீழே எட்டு ஓட்டு வீடுகள். கால்வாயில் விறகுப் படகுகள் வந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கரையோர விறகுத் தொட்டியில் விறகு பிளக்கிற வேலை. வீட்டில் மாமியார், நாங்கள், எங்கள் இரண்டு சின்னப் பிள்ளைகள், என் கொழுந்தன், அவன் பெண்டாட்டி. அந்தப் பெண்ணைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவள் வந்து மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. அதை மாமியார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுக்கு ஞாபகப்படுத்துவாள்.

என் வைத்தியமெல்லாம் அடுப்படியில் இருப்பதைக் கொண்டுதான். தீனிப்பை கல்லாகிப் போன கோழிக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றித் தலைகீழாகப் பிடித்து மெள்ள நீவி விடுவேன். நொச்சிக்குப்பத்து மீன்செதிலும் வைக்கோலும் உருண்டையாகத் திரண்டு நாற்றத்தோடு வெளியே வரும். கழிச்சலுக்குச் சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, அலகைத் திறந்து உள்ளே தள்ள வேண்டும். முட்டை இறங்காமல் முக்குகிற கோழியை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து விளக்கெண்ணெய் தடவுவேன். முகத்தில் அம்மைக் கொப்புளம் கண்டால் மட்டும் வேப்பிலையும் மஞ்சளும் பூசிவிட்டுக் கும்பிட்டு விலகிவிட வேண்டும். அதற்கு மேல் கை வைத்தால் அம்மன் வீட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடுவாள் என்பாள் மாமியார். காலில் செதில் தூக்கிக்கொண்டு சொறி பிடித்தால் மண்ணெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் கலந்து தடவுவது. இந்தக் கடைசி வைத்தியம்தான் நான் சொல்லப்போகும் விஷயத்தில் வருகிறது.

எனக்கு அளவு தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன். சளிக்கு இரண்டு மிளகு போதும் என்று குழாயடியில் சொன்னார்கள். இரண்டு போதாமல் போய்விடுமோ என்று ஏழு மிளகு கொடுத்து ஒரு விடைக்கோழியைக் கொன்றிருக்கிறேன். அதைக் கால்வாயில் போட்டுவிட்டு, பூனை தூக்கிப் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன்.

மூன்றாவது வீட்டில் பாயம்மா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். கண்ணில் புகை படர ஆரம்பித்து, ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக்கூடப் பாயம்மா வேண்டியிருந்தது. நாளுக்கு நாள் வேலை குறைந்தது. அந்த வீட்டை அப்போது தாங்கியது கோழிகள்தான். எங்கள் கோழிகள் போல அல்ல அவை. நெட்டைக் கால், திரண்ட மார்பு, கல் மாதிரி கண். சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் சைதாப்பேட்டையிலிருந்தும் கிண்டியிலிருந்தும் குஞ்சு கேட்டு வருவார்கள். கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் கொண்டுவந்தாளாம். எல்லாம் அந்த வழிதான். வேறு சேவலை வாசலில் அண்ட விடமாட்டாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் கோழிக்கொள்ளை வந்தது. வெள்ளை வெள்ளையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, வட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தன. நான் வெங்காயம் அரைத்தேன், கீழாநெல்லி அரைத்தேன், பூண்டு நசுக்கினேன். பாயம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்து நடந்து கை மஞ்சளாகிவிட்டது. ஒன்றும் எடுபடவில்லை. ஒரு வாரத்தில் அவள் பெட்டைகள் அத்தனையும் போயின. கழுத்து ஒரு பக்கம் கோணிப்போன ஒரே ஒரு சேவல் மிஞ்சியது. எங்கள் வீட்டிலும் ஒரே ஒரு பெட்டை. அதை நான் பயத்தில் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் கட்டிப் போட்டிருந்தேன். அதனால் பிழைத்ததோ என்னவோ.

அந்தப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. விஷயம் தெரிந்து பாயம்மா ஒரு தவிட்டுப் பானையோடு வந்தாள்.

"உன் கோழி அடை கேக்குதாமே."

"ஆமா பாயம்மா. நாலு நாளா மூலைய உட்டு எறங்கல."

"இதுல பதினொரு முட்ட கீது. நோவு வர்றதுக்கு முன்னாடி இட்டது. தவுட்டுல வெச்சிருந்தேன். வெச்சிக் குடு."

"என் கிட்டயா?"

"உன் கிட்டதான் கோழி கீது. வேற எவ கிட்ட கீது, சொல்லு." பானையைக் கீழே வைத்தாள். "எங்க அப்பா வூட்டு வம்சம் மொத்தமும் இந்தத் தவுட்டுக்குள்ளதான் கீது. வெளிய ஒரு கோணக்கழுத்துச் சேவல் நின்னுக்கினு கீது. அவ்ளோதான் என் சொத்து."

கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, வேப்பிலை தூவினேன். இடி விழுந்தால் முட்டை கூழாகிவிடும் என்பதால் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, கண் படாமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய். எல்லா வீட்டிலும் செய்வதுதான். மாமியார் இன்னொன்றையும் சொன்னாள். வீட்டுக்கு விலக்கானவள் யாரும் கூடைப் பக்கம் போகக்கூடாது, நிழல்கூடப் படக்கூடாது. சொல்லும்போது சின்னவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஏழாம் நாள், ஓட்டு இடுக்கில் வந்த வெயில் கீற்றில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தெளிவாக இருந்தன, கரு கூடவில்லை. ஒன்பதில் சிவப்பு நரம்பு சிலந்தி வலை போல ஓடியது. பாயம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் புருஷனிடம் போய் ஒன்பது என்று விரலைக் காட்டியது எங்கள் வாசலிலிருந்து தெரிந்தது. அவருக்கு விரல் தெரிந்திருக்காது. வாயாலும் சொல்லியிருப்பாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கோழியாக இருந்தால் செத்தால் செத்தது. இது அடுத்த வீட்டாரின் முட்டை. ஒரு நாளைக்கு இருபது தடவை கூடையை எட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "நீ வேணும்னா எறங்கி அடை படுத்துக்கோ, கோழியாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

பதினாலாம் நாள், சனிக்கிழமை, காலையில் கோழி கூடையை விட்டு இறங்கிவிட்டது. உடம்பை உதறிக்கொண்டு, அலகால் வயிற்றைக் கோதிக் கோதி எடுத்தது. தூக்கிப் பார்த்தேன். வயிற்றுச் சிறகுக்கு அடியில் செள்ளுப்பூச்சி மொய்த்துக்கொண்டிருந்தது, என் கையிலும் ஏறியது. மழைக்காலத்தில் அடைக்கூடையில் வருவதுதான். திரும்ப உட்கார வைத்தேன், இறங்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி இறங்கியது. முட்டை ஒவ்வொன்றாக ஆறிக்கொண்டிருந்தது.

சின்னவள் வந்து எட்டிப் பார்த்தாள். "யக்கா, வசம்ப இடிச்சி சாம்பல்ல கலந்து தூவுனா செள்ளு போயிடும். எங்க ஊட்ல அதான் பண்ணுவாங்க."

"வசம்புக்குச் சாந்தோம் போவணும். மழ எப்பிடி ஊத்துது பாரு. நான் போய் வர்றதுக்குள்ள முட்ட சில்லுனு ஆயிடும்."

"நான் வேணா ஓடிப் போய் வரட்டுமா?"

"வேணாம், நீ போனா அதுக்கு வேற பேச்சு கேக்கணும்."

கையெட்டும் தூரத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டி இருந்தது, தேங்காயெண்ணெய் இருந்தது. கால் சொறியில் இருக்கிற பூச்சியைக் கொல்வது வயிற்றில் இருக்கிற பூச்சியைக் கொல்லாதா என்று நினைத்தேன். குழைத்து அதன் வயிறு, தொடை, சிறகடி எல்லா இடத்திலும் தேய்த்தேன். ஒரு விரலால் தொட்டு வைக்க வேண்டியதை உள்ளங்கை வழிய எடுத்தேன். செள்ளு கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கோழி சாந்தமாகிப் போய் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்பது முட்டையும் துடைத்து வைத்த பித்தளை மாதிரி பளபளவென்று இருந்தன. அதையும் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று ஞாயிறு பிற்பகல் பெரிய மழை, இடி. நானும் என் வீட்டுக்காரரும் தொட்டியில் நனைகிற விறகுக்குச் சாக்கு மூடப் போயிருந்தோம். கூடை இருந்த மூலையில் ஓடு ஒழுகியதாம். சின்னவள் அப்போது விலக்காகிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் அடுத்த வீட்டில். கூடையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, வேறு ஆள் இல்லாததால், சின்னவளே உள்ளே வந்து கூடையைக் கோழியோடு தூக்கி அடுப்படிக்கு நகர்த்தி வைத்தாள். வைத்து நிமிரும்போது மாமியார் வாசலில் நின்றிருந்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை மழை விட்டது. பதினெட்டாம் நாள். செள்ளு மறுபடி வந்துவிடுமோ என்று இப்போதாவது வசம்பு வாங்கி வைக்கலாமென்று கிளம்பினேன். பாயம்மா வாசலில் நின்று, "சாந்தோம் போறியா? நூலுக்குத் தேய்க்கிற மெழுகு ஒரு கட்டி வாங்கிக்கினு வா" என்றாள்.

கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் எண்ணெய்த் துணி. ஒவ்வொரு முட்டையாக எடுத்து அதில் உருட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டு முட்டைகளைப் போலவே அவை பளபளத்தன. அவள் எதிரே போய் நின்றேன்.

"எண்ணெ இன்னாத்துக்குத் தடவற?"

"நாள்பட நிக்கும்மே. ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்ட கீது. எண்ணெ அத்த அடச்சிடும். உள்ள காத்து போவாது. சேவ மிதிச்ச முட்டன்னாலும் உள்ள கரு கட்டாது."

"முன்னயே கரு கட்டிட்டிருந்தா?"

அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உன் மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்துனா இன்னா ஆவும்? அதான்." பிறகு சிரித்தாள். "இன்னாமே, மூஞ்சி இப்பிடிப் போவுது. எண்ணெ தடவி அடை வெச்சிட்டியா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றேன்.

வசம்பு வாங்கினேனா என்று ஞாபகமில்லை. மெழுகை மட்டும் கையில் உருகுகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்துச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்க விட்டேன். உள்ளே உயிர் இருந்தால் அந்த நாளில் முட்டை தண்ணீரில் தானாக ஆடும், தலையை ஆட்டுகிற குழந்தை மாதிரி. ஒன்பதும் அசையாமல் மிதந்தன. தண்ணீரில்தான் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பிரிந்தது. துடைத்துக் கோழிக்கு அடியில் வைத்துவிட்டேன். பாவம், அது இறக்கையை விரித்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

சாயங்காலம் பாயம்மா மெழுகுக்கு வந்தாள்.

"எப்பிடிக் கீது?"

"ஒக்காந்திருக்கு."

"இன்னும் மூணு நாள். கேளு, கிண்டில குதிரயப் பாத்துக்கிற ஆளு ஒருத்தரு சேவல கேட்டுக்கினே இருக்காரு. குஞ்சு எடுக்கவாம். எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு மருந்து வாங்கணும், அரிசியும் இல்ல. குஞ்சுல எப்பிடியும் ரெண்டு மூணு சேவலு தேறும்ல? இத்தக் குடுத்துடட்டுமா? நீ சொல்லு, உனக்குத்தான் தெரியும்."

நான் அவளைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நாளைக்குச் சொல்லலாம், ஒருவேளை ஒன்றிரண்டு பொரித்துவிட்டால், தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்து அதனால் ஆடாமல் போயிருந்தால் என்று என் புத்தி ஓடியது. பயம் வந்தால் எனக்கு எப்போதும் நாளை என்ற ஒன்று கிடைத்துவிடும்.

"குடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம் ஒரு ஆள் வந்து சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். கோணிய கழுத்து அவர் முழங்கைக்குப் பின்னால் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இருபத்தொன்று, இருபத்திரண்டு போயின. இருபத்துமூன்றாம் நாள் திங்கட்கிழமை, கோழி தானாகவே எழுந்து போய்விட்டது. பாயம்மா வந்தாள். மாமியார் கூடையை வாசலுக்கு இழுத்து வந்து ஒரு முட்டையை உடைத்தாள். உள்ளே ஈரமான சிறகோடு குஞ்சு முழுசாகச் சுருண்டிருந்தது. கால் நகம்கூட முளைத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவதுக்கு மேல் உடைக்க வேண்டாம் என்று பாயம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடி" என்றாள் பாயம்மா. "அன்னிக்கு இடிச்ச இடி அப்பிடி. ஆணி போட்டும் நிக்கல."

"இடியாவது, மண்ணாவது" என்றாள் மாமியார். "ஆணிய மீறி இடி வராது பாயம்மா. தீட்டோட கூடையத் தூக்கினவ இந்த வூட்லயே கீறா. தன் வயித்துல தான் ஒண்ணும் தங்கல, ஊரான் முட்டையாவது பொரிக்கட்டும்னு உட்டாளா?"

சின்னவள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். ஒழுகியது என்றுகூடச் சொல்லவில்லை. பாயம்மா அவளைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை. ஆனால் நம்பிக்கையும் இல்லை. வரிசை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் மாமியார் கொழுந்தனிடம் பேசி முடித்துவிட்டாள். மறுநாள் காலையில் சின்னவளைச் சைதாப்பேட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது. எப்போது கூட்டி வருவது என்று யாரும் சொல்லவில்லை. அவள் தன் இரண்டு புடவைகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"நீ அப்பவே வசம்பு வாங்கிக்கினு வரச் சொன்ன" என்றேன் மெள்ள.

அவள் நிமிர்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அந்த எண்ணெயா யக்கா?" என்றாள். அவ்வளவுதான். மாமியாரைக் கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. திரும்பி மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். நான் எழுந்து பாயம்மா வீட்டுக்குப் போனேன்.

அவள் கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகத் துணியில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாயம்மா, இடி இல்ல. சின்னவளும் இல்ல. நான்தான்" என்று ஆரம்பித்து எண்ணெய், முட்டைக்காரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு ஊசி, இன்னொரு ஊசி. பிறகு கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"புதன்கிழம. மெழுகு வாங்கப் போனப்ப."

"புதன்கிழம." ஊசியைத் துணியில் குத்தினாள். "சேவ போனது வெள்ளி."

"ஆமா."

"நான் உன்ன கேட்டேன். குடுத்துடட்டுமான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீ இன்னா சொன்ன?"

"குடுங்கன்னு சொன்னேன்."

உள்ளேயிருந்து அவள் புருஷன், "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டார். "குச் நை", ஒன்றுமில்லை என்றாள். பிறகு என்னிடம், "எண்ணெ தடவினது தெரியாம பண்ணது. அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். இன்னொண்ணுக்கு எனக்கு வாயி வரல. போ" என்றாள்.

மாமியாரிடமும் சொன்னேன், எல்லோரும் கேட்கிற மாதிரி வாசலில் நின்று. "அவளக் காப்பாத்தறதுக்குப் பெரியவ கத கட்றா" என்றாள் மாமியார். ஆனால் என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்ப் புட்டியை ஆட்டிப் பார்த்தார். கூடை வைக்கோலை முகர்ந்து பார்த்துக் கொழுந்தனிடம் நீட்டினார். மறுநாள் சின்னவளைக் கூட்டிப் போகவில்லை. அவள் மட்டும் அந்த மூட்டையை அவிழ்க்காமல் வெகுநாள் அப்படியே வைத்திருந்தாள்.

பாயம்மாவுக்கு ஈடுகட்ட எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சேவல் கிண்டியில் இருந்தது, என்னிடம் பெட்டை இருந்தது. அடை கலைந்த கோழி மறுபடி முட்டைக்கு வர இருபது நாளாவது ஆகும். அந்த இருபது நாளும் அந்த ஆள் சேவலை அறுத்துவிட்டாரோ என்ற நினைப்பிலேயே கழிந்தது. கொண்டை சிவந்ததும் கோழியைக் கூடையில் போட்டுப் பழைய புடவையால் மூடித் தலையில் வைத்துக் கிளம்பினேன். சின்னவள் கேட்காமலே கூட வந்தாள். ஆழ்வார்பேட்டை வழியாகச் சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி நடந்தோம். அவள் அம்மா வீட்டுத் தெருவைக் கடந்தபோது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குதிரை லாயத்துக்குப் பின்னால் அந்த ஆளைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னேன். கூடையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்களா? வாங்க, வாங்க. மாப்ளைக்குக் கழுத்து கொஞ்சம் கோணலு, பரவால்லியா?"

சின்னவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என் பெட்டைங்க எதுவும் இத்தக் கிட்ட சேக்கலம்மா" என்றார் அவர். "இந்த ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சிடலாம்னு இருந்தேன். உன் கோழி ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். பொரிச்சா ஒரு சேவக்குஞ்சு எனக்கு."

திரும்பக் கொண்டுவந்த பத்து நாளில் கோழி ஆறு முட்டை இட்டது. நான் ஒன்றையும் வெறுங்கையால் தொடவில்லை. கையைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துணியால் எடுத்துத் தவிட்டில் வைத்தேன். பாயம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாதி வம்சம்" என்றாள். "சரி, பாதியாவது."

"என் கோழி இன்னும் கொஞ்ச நாள்ல அடைக்கு ஒக்காரும்..."

"வேணாம்." குரலில் கோபம்கூட இல்லை. "நொச்சிக்குப்பத்துல மீன்காரி ஒருத்தி கோழி அடை ஒக்காந்துக்கினு கீது. அங்க வெச்சிக்கிறேன்."

நாலு பொரித்தன. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை. சின்னவள்தான் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டுக்குக் கால் நல்லா நெட்டையா இருக்கு யக்கா" என்றாள். ஒரு சேவல் குஞ்சு கிண்டிக்குப் போய்விட்டது. மூன்று இருந்தன.

தை மாதக் குளிரில் ஒரு நாள் சின்னவள் பாயம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். நெட்டைக்கால் குஞ்சு ஒன்றுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டதாம், தீனி எடுக்கவில்லையாம். "உன்னக் கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. இன்னா போடலாம்னு" என்றாள். ஆறு வாரமாக என் வாசல் பக்கம் திரும்பாதவள் கேட்டனுப்பியிருக்கிறாள்.

வீங்கிய கண்ணுக்கு எனக்கு நாலு வைத்தியம் தெரியும். நாலும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு வந்தன. உப்புத் தண்ணீர், நந்தியாவட்டைப் பூ, மஞ்சள், தாய்ப்பால். எதில் எவ்வளவு என்று யோசித்தேன். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே இருந்தேன். சின்னவள் வாசலில் கால் மாற்றி நின்றாள்.

"யக்கா, இன்னா சொல்லட்டும்?"

"கொதிச்சி ஆறின தண்ணியில சுத்தமான துணிய நனைச்சித் தொடச்சி உடச் சொல்லு" என்றேன். "வேற ஒண்ணும் போட வேணாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் போய்விட்டாள். அந்தத் தண்ணீர் போதாமல் போய்விடுமோ என்று அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. இரண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போனேன். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்திருந்தது. போகவில்லை.